சம்பளம் யார் தருகிறார்கள் என்று பாருங்கள்

கேள்வி: நுண்ணுயிரியலில் முதுகலைப் பட்டம் பெற்றிருக்கிறேன். பல்கலைக்கழகங்கள் திட்ட ஆராய்ச்சி உதவியாளர் பணிக்கு அடிக்கடி விளம்பரம் வெளியிடுகின்றன. முனைவர் பட்டம் இல்லாமல் இதில் சேரலாமா? பணி நிரந்தரமாகுமா?

பதில்: தாராளமாகச் சேரலாம், நிரந்தரமாகும் என்ற நம்பிக்கையில் மட்டும் சேர வேண்டாம். விளம்பரம் பல்கலைக்கழகத்தின் பெயரில் வந்தாலும், இத்தகைய பணிகளுக்கான ஊதியம் பெரும்பாலும் அதன் சொந்த நிதியிலிருந்து வருவதில்லை. பேராசிரியர் ஒருவர் ஆய்வுத் திட்டம் எழுதி, நிதி நல்கும் அமைப்பொன்றிடம் சமர்ப்பித்து, அது ஏற்கப்பட்ட பின் சில ஆண்டுகளுக்கெனக் கிடைக்கும் தொகையிலிருந்துதான் வேதிப்பொருள்களும் வாங்கப்படுகின்றன, உங்கள் சம்பளமும் வழங்கப்படுகிறது. திட்டம் முடிந்தால் பணியும் முடியும். ஆகவே ஊதியத் தொகையைப் பார்ப்பதற்கு முன், திட்டம் எப்போது தொடங்கியது, இன்னும் எத்தனை மாதம் மீதமிருக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முந்தைய உதவியாளர் பாதியில் விலகியதால், கடைசிச் சில மாதங்களுக்கு மட்டும் ஆள் எடுப்பதும் உண்டு.

இந்த நிதிச் சார்பு மிகத் திறமையானவர்களையும் விட்டுவைப்பதில்லை. 1989-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, புரதம் தயாரிப்பதற்கான குறிப்பை செல்லுக்குள் கொண்டுசெல்லும் மூலக்கூறான எம்.ஆர்.என்.ஏ. பற்றிய ஆய்வில் ஈடுபட்ட உயிர்வேதியியலாளர் கேட்டலின் கரிக்கோ, நிதி விண்ணப்பங்கள் தொடர்ந்து நிராகரிக்கப்பட்ட நிலையில் 1995-இல் பதவியிறக்கம் செய்யப்பட்டார். அந்த ஆய்வை விடாமல் தொடர்ந்தவருக்கு 2023-இல் சக ஆய்வாளர் ட்ரூ வைஸ்மனுடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய மனவுறுதியை வணங்குகிறேன். ஆனால் அத்தகைய உறுதியை ஒவ்வோர் இளம் ஆய்வாளரிடமும் எதிர்பார்க்கும் ஏற்பாடு நியாயமானதென்று என்னால் சொல்ல முடியவில்லை.

நிலையான பணிதான் வேண்டுமென்றால், மின்னணு நுண்ணோக்கி போன்ற பொதுக் கருவிகளைப் பராமரிக்கும் மையங்களின் தொழில்நுட்பப் பணியிடங்களையும் கவனியுங்கள். பல துறைகளும் அவற்றைச் சார்ந்திருப்பதால், ஒரு திட்டம் முடிந்தவுடன் அந்தப் பணியிடங்கள் மறைந்துவிடுவதில்லை.

கேள்வி: ஆய்வுக் கட்டுரை எதுவும் வெளியிடாதவர் நேர்காணலில் எதைக் காட்டுவது?

பதில்: ஆய்வகக் குறிப்பேட்டைக் காட்டலாம். நான் தேர்வுக் குழுவில் இருந்தபோது ஒரு பெண் தன் குறிப்பேட்டின் நகலைக் கொண்டுவந்திருந்தார். நுண்ணுயிர் வளர்ப்புத் தட்டுகளில் பூஞ்சை படர்ந்துவிட்ட ஒரு நாளின் பக்கத்தில், எந்தெந்தத் தட்டு கெட்டது என்பதையும், அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவியான ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வைத்தும் குடுவைகளை நெருக்கி அடுக்கியதால் நீராவி உள்ளே சரியாகப் பரவவில்லை என்ற தம் ஊகத்தையும், மறுநாள் இடைவெளிவிட்டு அடுக்கியபோது கிடைத்த பலனையும் தேதியிட்டு எழுதியிருந்தார். நேர்காணலின் பெரும்பகுதி அந்த ஒரு பக்கத்தைப் பற்றியே நடந்தது, அவரையே தேர்ந்தெடுத்தோம். குறிப்பேடு பொதுவாக ஆய்வகத்தின் உடைமை என்பதால், நகல் எடுக்கும் முன் உங்கள் வழிகாட்டியிடம் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.