உளவுத்துறைக்குப் போக எந்தப் பட்டம் படிக்க வேண்டும்?

கேள்வி: ஐயா, பிளஸ் டூ முடித்திருக்கிறேன். மத்திய உளவுத்துறையில் சேர வேண்டும் என்பது என் ஆசை. எனக்குப் புவியியல் ரொம்பப் பிடிக்கும். அப்பாவோ, "சைபர் செக்யூரிட்டியோ கிரிமினாலஜியோ படித்தால்தான் அங்கே எடுப்பார்கள்" என்கிறார். தனியார் கல்லூரி ஒன்றில் இடம் பேசிவிட்டு, கடன் வாங்கவும் கிளம்பிவிட்டார். நான் எதை எடுக்கட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத மாணவி, அருப்புக்கோட்டை

பதில்: முதலில் அப்பாவிடம் சொல்லம்மா, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று. ஐ.பி. என்கிற மத்திய உளவுத்துறையில் ஏசிஐஓ, அதாவது உதவி மத்திய உளவு அதிகாரி, கிரேடு 2 எக்ஸிகியூட்டிவ் பதவிக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். 2025-ல் 3,717 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோதும் இதே விதிதான். வயது 18 முதல் 27 வரை. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. தொழில்நுட்பப் பிரிவுக்கு மட்டும்தான் எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சார்ந்த படிப்பும், 'கேட்' என்கிற பொறியியல் தகுதித் தேர்வு மதிப்பெண்ணும் கேட்கிறார்கள்.

1968-ல் வெளிநாட்டு உளவு பார்க்கிற 'ரா' அமைப்பைத் தொடங்கி நடத்திய ஆர்.என்.காவ் படித்தது ஆங்கில இலக்கியம். அங்கே பயங்கரவாதத் தடுப்புப் பிரிவின் தலைவராக இருந்த பி.ராமன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தவர். சில வருஷம் பத்திரிகையில் வேலை பார்த்த பிறகுதான் ஐ.பி.எஸ். ஆனார்.

நான் மாநிலக் காவல்துறையில் உளவு வேலை பார்க்கிற தனிப்பிரிவில் 22 வருஷம் இருந்தேன். சேர்ந்த புதிதில், "நாளை மறியல், ஐந்நூறு பேர் வருவார்கள்" என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, "இது நீ பார்த்ததா, யாராவது சொன்னதா, நீயாக நினைத்ததா?" என்று கேட்டார். டீக்கடையில் ஒரே ஒரு ஆள் சொன்னதை வைத்து எழுதியிருந்தேன். மறுநாள் வந்தவர்கள் நாற்பது பேர். ஐந்நூறு பேருக்காகப் பக்கத்து ஸ்டேஷன்களிலிருந்து வரவழைத்த காவலர்கள் நாள் முழுக்க வெயிலில் நின்றார்கள். அன்றிலிருந்து பார்த்தது, கேட்டது, ஊகித்தது மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துத்தான் எழுதுவேன். இந்த வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது. எந்தப் பட்டத்திலும் இதற்கென்று ஒரு பேப்பர் கிடையாது. ஆனால், பிடித்த பாடத்தை ஆழமாகப் படிக்கிறவர்களுக்கு இந்தப் பழக்கம் சீக்கிரம் வரும்.

அதனால் புவியியலையே எடு. கண்மாய்த் தண்ணீர் எந்தப் பக்கம் பாய்கிறது என்று தெரியாதவனுக்கு, இரண்டு ஊருக்கு நடுவே ஏன் தகராறு என்று கடைசிவரை புரியாது. நான் வேலை பார்த்த கடற்கரை ஊர்களிலும் வரைபடம் படிக்கத் தெரிந்தவர்கள்தான் சரியான இடத்தில் போய் நின்றார்கள். கம்ப்யூட்டரில் வரைபடத் தகவல்களைக் கையாளுகிற ஜி.ஐ.எஸ்., செயற்கைக்கோள் படங்களைப் படிக்கிற தொலையுணர்வு இரண்டும் பாடத்திட்டத்தில் இருக்கிற கல்லூரியாகப் பார்த்துச் சேர்.

நீ கவலைப்பட வேண்டியது ஆங்கிலத்தைப் பற்றித்தான். ஏசிஐஓ தேர்வில் முதல் தாள் ஒரு மணி நேரத்தில் 100 கேள்வி. பயிற்சி எடுத்தால் தாண்டிவிடலாம். அதற்கடுத்து 50 மதிப்பெண்ணுக்குக் கட்டுரையெல்லாம் எழுத வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்த நம் பிள்ளைகள் பலர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். அப்புறம், வேலை இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போடுவார்கள். இந்தி பேசக் கற்றுக்கொள். முடிந்தால் சீனமோ அரபியோ கூட ஒன்று. பட்டம் முடித்த பிறகு ஹைதராபாத்தில் இஃப்லு என்கிற ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலோ டில்லி ஜே.என்.யூ.விலோ மொழி படிக்கவும் வழி இருக்கிறது.

இன்றைக்கே தொடங்கு. உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் அரைமணி நேரம் உட்கார். வீட்டுக்கு வந்து, பார்த்ததைப் பத்து வரி ஆங்கிலத்தில் எழுது. ஊகித்தது எதுவோ அதற்கு அடியில் கோடு போடு. பத்து நாள் எழுதியதை இதே முகவரிக்கு அனுப்பு. நானே திருத்தித் திருப்பி அனுப்புகிறேன்.