கௌதாரி வேட்டையும் முன்னோர் காட்டிய அளவும்

மதிப்பிற்குரிய ஐயா,

கேரளத்தின் கிழக்குப் பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கௌதாரி வேட்டையைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். என் பாட்டனாரும் ஆனைமலை அடிவாரத்தில் முயலும் காடையும் அடித்தவர்தான். அந்தத் தலைமுறையினர் வயிற்றுக்கு வேண்டியதை மட்டும் எடுத்தார்கள். முட்டையிடும் பருவத்தில் பறவையைத் தொட மாட்டார்கள். புறநானூற்று 320ஆம் பாட்டில், மான்கள் கூடியிருப்பதைக் கலைக்க மனமின்றி வேட்டுவன் மனைவி ஓசைப்படாமல் இருக்கிறாளே, அந்த அறம் நம் மரபில் இருந்தது. அப்படியிருக்க, சிறு வேட்டைக்காவது கிராமத்து மக்களுக்கு அனுமதி தர வேண்டும் என்று நீங்கள் ஏன் எழுதவில்லை? பின்குறிப்பாக ஒன்று: பாட்டனாரின் நாட்டுத் துப்பாக்கி எங்கள் வீட்டு அட்டாலியில் கிடக்கிறது. உரிமம் எப்போதோ காலாவதியாகிவிட்டது. அதை என்ன செய்வது?

— ஒரு வாசகர், பொள்ளாச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பாட்டனாரை நான் அறியேன். எங்கள் ஊர்ப் பெரியவர்களை அறிவேன். அவர்களிடம் நீங்கள் சொல்லும் கட்டுப்பாட்டை நான் கண்டதில்லை. கடலைக் காட்டில் கௌதாரி முட்டை கண்ணில் பட்டால் எடுத்துவந்து அவித்துத் தின்றார்கள். குஞ்சுகளோடு இட்டேரியை, அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடத்தை, கடக்கும் தாய்ப்பறவை என்பதற்காக யாரும் கவணைக் கீழே போட்டதில்லை. அவர்களை நான் குறை சொல்லவில்லை. கறி என்பது பண்டிகை நாளில் மட்டும் கண்ணில் படும் வீடுகள் அவை.

ஆனாலும் வேட்டைக்கு ஓர் அளவு இருந்தது என்று நீங்கள் சொல்வது உண்மைதான். அந்த அளவை விதித்தது அவர்கள் கையிலிருந்த கருவி என்பதே என் எண்ணம். நாட்டுத் துப்பாக்கியைக் கெட்டிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். குழலின் வாயில் கரிமருந்தை அளந்து கொட்டி, தேங்காய் நாரைச் சுருட்டித் திணித்துக் கம்பியால் இடித்து, அதன்மேல் ஈய ரவையைப் போட்டு, அது உருண்டு வெளியே வராதபடி மறுபடியும் நார் வைத்து இடித்து, கடைசியில் தீப்பொறி தரும் ‘கேப்’ என்ற சிறு மூடியை மாட்ட வேண்டும். புதர்க்காடைகள் தரையில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, தலைகள் வெளிப்புறம் பார்க்க வட்டமாகப் படுத்திருக்கும். மிதிபடும் தூரத்துக்கு ஆள் வரும்வரை அசையாமல் இருந்துவிட்டு, எட்டுத் திக்கிலும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிதறும். அதற்குள் ஒரு வெடி போடலாம். அடுத்த வெடிக்குக் கெட்டித்து முடிக்கும்போது காட்டில் ஒன்றும் இருக்காது. மருந்துக்கும் ரவைக்கும் காசு வேண்டும். ஆடி மாதச் சாரலில் மருந்து நமுத்துப்போனால் அந்த வெடியும் இல்லை.

பிறகு தோட்டாத் துப்பாக்கியும், தலையில் கட்டிக்கொள்ளும் பேட்டரி லைட்டும், ஜீப்பும் வந்தன. முகத்தில் வெளிச்சம் விழுந்தால் முயல் ஓடாது. கண்கள் மின்ன அப்படியே திகைத்து நிற்கும். பகலெல்லாம் நாய்களோடு அலைந்து ஒரு முயலைக் கொண்டுவந்த மனிதர்களே இரவில் சாக்கு கனக்கத் திரும்பினார்கள். ஊரும் அதே ஊர், கும்பிட்ட சாமியும் அதே சாமி. போதும் என்று ஒருவர் சொல்லி என் காதில் விழுந்ததில்லை. நம்மிடம் அறம் இருந்திருந்தால் அது வெளிப்பட்டிருக்க வேண்டிய இடம் அதுதான்.

நீங்கள் சுட்டிய பாட்டு எனக்கும் மிகப் பிடித்தது. ஆனால் அதில் வரும் பெண்மான் காட்டிலிருந்து தானாக வந்ததன்று. மற்ற மான்களை ஈர்ப்பதற்காக வேட்டுவன் பழக்கி வைத்திருக்கும் மான் அது. அதைத் தேடி ஒரு கலைமான் வந்துவிடுகிறது. உறங்கும் கணவன் விழித்துவிடுவான், கலைமான் பிரிந்துவிடும் என்று அஞ்சி அவள் நடமாடாமல் இருக்க, மான்தோலில் காயும் தினையைக் காட்டுக்கோழியும், காடை கௌதாரி இனத்துப் பறவையான இதலும் வந்து தின்கின்றன. அவளுடைய இரக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. அந்த இரக்கமும் கண்ணியும் ஒரே முற்றத்தில் இருந்தன என்கிறேன்.

கௌதாரி பிடிப்பதும் அதே முறைதான். குஞ்சிலிருந்து வளர்த்த சேவல் கௌதாரியைக் கூண்டோடு கொண்டுபோய் விடியலில் வேலியோரம் வைப்பார்கள். அது கத்தினால், தன் எல்லைக்குள் எவனோ புகுந்துவிட்டான் என்று காட்டுச் சேவல் சண்டைக்கு ஓடிவரும். கூண்டைச் சுற்றிக் குதிரைவால் மயிரில் முறுக்கி வைத்த சுருக்குகளில் கால் சிக்கும். எங்கள் ஊரில் அப்படி ஒன்றை வளர்த்தவர், கரையான் புற்றை உடைத்து அதற்குத் தினமும் தன் விரலாலேயே ஊட்டுவார். சுருக்கில் மாட்டிய பறவையின் கழுத்தைத் திருகியதும் அதே விரல்கள்தான். அதில் அவருக்கு உறுத்தல் எதுவும் இருந்ததில்லை.

இனி, அனுமதி பற்றி. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறு வேட்டைக்கு உரிமம் பெற வழி இருக்கத்தான் செய்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதை அடைத்தது. கண்ணி வைத்த எங்கள் ஊர்க்காரர் எவரும் அந்த உரிமத்துக்கு விண்ணப்பித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மீண்டும் அந்த வழியைத் திறந்தால் அதில் நுழையப் போகிறவர்கள் காரும் நல்ல துப்பாக்கியும் வைத்திருப்பவர்களே. உங்கள் கடிதத்தில் வரும் கிராமத்து மனிதன் வாசலிலேயே நிற்பான். தமிழ்நாட்டுச் சமவெளியில் கௌதாரி சாதாரணப் பறவைதான். ஆனால் ஈரம் மிகுந்த கேரளத்தில் அதற்கு ஏற்ற வறண்ட நிலம் கிழக்குப் பாலக்காடு போன்ற சில துண்டுகள் மட்டுமே.

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியின் கதை வேறு. 2022இல் கேரள அரசு, அவற்றைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. அங்கும் சுட்ட பன்றியைப் புதைத்துவிட வேண்டும், கறிக்கு எடுக்க முடியாது. அந்த நிபந்தனையை வைத்தவர்கள் நம்மை நன்றாக அறிந்தவர்கள் என்றே நினைக்கிறேன்.

அட்டாலித் துப்பாக்கியைத் தயவுசெய்து நீங்களே இறக்கித் துடைக்க வேண்டாம். கெட்டித்த மருந்தோடு பரணேறிய துப்பாக்கிகள் உண்டு. பழைய கரிமருந்து காய்ந்தே இருந்தால் இன்றும் வெடிக்கும். காவல் நிலையத்தில் விவரத்தைச் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்து, எழுத்தில் ஒரு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். உரிமம் தீர்ந்த துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். பழைய உரிமப் புத்தகம் கிடைத்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள், கேள்விகள் குறையும்.