உங்கள் வாழ்க்கையையே மாற்றிய இசை ஆல்பம் எது? ஏன்?

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?'. 1986ல் வந்தது. பெயர் மட்டும் போதும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் மைக்செட் கதை பேச வேண்டும்.

எங்கள் ஊர் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே, பாபநாசம் பக்கம். சித்தப்பா மைக்செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, மாரியம்மன் கோயில் திருவிழா, எதுவானாலும் முதல் நாள் சாயங்காலமே ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போய், தென்னை மரத்திலோ மூங்கில் கழியிலோ இரண்டு குழாய் ஸ்பீக்கர்களை ஏற்றிவிடுவார். எங்கள் பக்கம் அதற்கு 'ரேடியோ கட்டுவது' என்று பேர். பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான். மரம் ஏறுவது, டேப்பின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பது, சிக்கிய நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றுவது எல்லாம் என் வேலை.

எந்த விசேஷத்துக்கு எந்தப் பாட்டு என்பதில் சித்தப்பா கறார். முதலில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு. செவ்வாய், வெள்ளி என்றால் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம். சூலமங்கலம் எங்களுக்கு எட்டும் தூரம்தான், அதனால் அதில் ஒரு சொந்தக்காரப் பெருமையும் சேர்ந்துகொள்ளும். முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்துக்கு நாகூர் ஹனிபா. இவர்களுக்கெல்லாம் பிறகுதான் சினிமாப் பாட்டு.

சீர்காழியும் ஹனிபாவும் குழாயில் ஏன் அப்படி முழங்கினார்கள் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. குழாய் ஸ்பீக்கர் நடுத்தரச் சத்தத்தை மட்டும் வாரி இறைக்கும் சாதனம். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அது கிட்டத்தட்ட விழுங்கிவிடும். மனிதக் குரலில் வார்த்தை புரிவதற்கு வேண்டியதெல்லாம் அதற்கு மேலேதான் இருக்கிறது. ஓங்கிய வெண்கலக் குரலாகவும் இருந்துவிட்டால் நாலு வயல் தாண்டி எழுத்து எழுத்தாகக் கேட்கும். பாட்டுக்கு அடியில் கனத்த கீழ்ச் சுருதியில் ஓடும் பேஸ் கிடாரின் அடிக்கம்பியோ 41 ஹெர்ட்ஸ். குழாயைப் பொறுத்தவரை அப்படி ஒரு வாத்தியமே கிடையாது.

இதன் பலன் என்னவென்றால், நினைவு தெரிந்த நாளிலிருந்து ராஜா பாட்டில் ஊறிக் கிடந்த எனக்கு அந்தப் பாட்டுகளில் பேஸ் கிடார் என்று ஒன்று வாசிப்பதே தெரியாது. டெல்டாவில் என் வயதுக்காரர்கள் நிறையப் பேருக்கு இதே கதைதான். அன்றைக்கு வீட்டில் டேப் ரெக்கார்டர் இருந்தவர்கள் எத்தனை பேர்? நாங்கள் கேட்டது பாதிப் பாட்டு. அதிலேயே மயங்கிக் கிடந்தோம் என்பது வேறு விஷயம்.

சரி, கேசட்டுக்கு வருகிறேன். சித்தப்பா தஞ்சாவூருக்குப் போனால் புதுப் படக் கேசட்டுகளை வாங்கி வருவார். அட்டையில் இளையராஜா என்று இருந்தால் போதும், படம் என்னவென்று பார்க்கமாட்டார். அப்படித்தான் இதுவும் வந்து சேர்ந்தது. கடையில் போட்டுப் பார்த்தால் ஒரே வயலின். ஏ பக்கம் முடிந்து பி பக்கம் திருப்பினாலும் அதே வயலின். "பாட்டே இல்லாத கேசட்டை எவன்டா கல்யாணத்துல கேப்பான்?" என்று எடுத்து மேஜை டிராயரில் போட்டுவிட்டார்.

அது அங்கேயே கிடந்திருக்கும். ராஜகிரியில் குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த ஒருவர் தன் வாக்மேனை ரிப்பேருக்குக் கொண்டுவந்தார். நாடாவைக் கடித்துக் குதறுகிறது என்று புகார். சித்தப்பா ரப்பர் பெல்ட்டை மாற்றிவிட்டு, "ஓட்டிப் பாருடா, ஆனா நல்ல கேசட்ட போட்டுடாத" என்றார். கடித்தாலும் நஷ்டமில்லாத கேசட் கடையில் அந்த ஒன்றுதான்.

ஹெட்போன் என்ற பொருளை அதற்கு முன் நான் காதில் மாட்டியதில்லை. முதலில் தாக்கியது வயலின் அல்ல, அதற்கு அடியில் நடந்துகொண்டிருந்த பேஸ். அது தாளம் போடவில்லை. மேலே வயலின் ஒன்று சொல்ல, கீழே இது தன் போக்கில் இன்னொன்று சொல்லிக்கொண்டு போனது. கடையில் டேப்பில் கேட்டபோது 'ஒரே வயலின்' என்று தோன்றிய இடத்தில் உண்மையில் பல வயலின்கள் இருந்தன. 'மேட் மாட் மூட் ஃபியூக்' என்றொரு உருப்படி. ஃபியூக் என்றால் இதுதான் முறை: ஒரு குரல் ஒரு சின்ன வரியைச் சொல்லித் தொடங்கும். அது முடித்ததும் இன்னொரு குரல் அதே வரியை வேறு சுருதியில் எடுக்கும். முதல் குரல் வாயை மூடாது, இதற்கு எதிராக வேறொன்றைப் பேசிக்கொண்டிருக்கும். பிறகு மூன்றாவது வரும். எந்தக் குரலும் எதற்கும் அடங்கியதில்லை, எல்லாம் சேர்ந்தும் போகும். இந்த விளக்கமெல்லாம் அன்றைக்குத் தெரியாது. ரீவைண்ட் செய்து ரீவைண்ட் செய்து ஒவ்வொரு தடவை ஒவ்வொரு குரலின் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். வாக்மேன் பேட்டரி தீர்ந்தது. குவைத்காரர் வந்து வாங்கிக்கொண்டு போனார். சித்தப்பா ரிப்பேர் கூலியில் பேட்டரிக் காசைக் கழித்துக்கொண்டார்.

இந்த ஆல்பத்தை ராஜா தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்திருக்கிறார். தியாகராஜரை எங்களுக்குத் தெரியும், பஸ் ஏறினால் அவர் சமாதி இருக்கும் திருவையாறு. பாக் யாரென்று தெரியாது. ஜெர்மனிக்காரர், இசை எழுதியவர், 1750ல் இறந்தவர். தியாகராஜர் பிறந்தது 1767ல், திருவாரூரில். இருவரும் ஒரே காலத்தில் மூச்சுவிட்டதுகூட இல்லை. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற உருப்படியில், தனி வயலினுக்கென்று பாக் எழுதிய ஒன்றை எடுத்து அதன்மேல் நம் வயலினை விடுகிறார் ராஜா. வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். பாக்கின் வரி நேர்க்கோடாக, ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக ஓடும். அதோடு பேச வரும் வயலின் வளைந்து, குழைந்து, ஸ்வரத்தை அசைத்து இழுக்கும் கமகத்தோடு வரும். இரண்டையும் ஒரே சுருதியில் நிறுத்தியதுதான் வித்தை. சில இடங்களில் அது ஒட்டாமல் நிற்கிறது என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒட்டாத இடம்தான் எனக்குப் பாடம் நடத்தியது. எங்கே இடிக்கிறது என்று தேடப்போய்த்தான் கமகம் என்றால் என்னவென்றே காதில் ஏறியது.

எங்கள் தெருவில் ஒரு தவில்காரப் பெரியவர் இருந்தார். டெல்டா முழுக்கக் கோயில் கோயிலாக வாசித்தவர். அவரிடம் கேசட்டை எடுத்துக்கொண்டு போனேன். திண்ணையில் உட்கார்ந்து, வெற்றிலையை மென்றபடி ஏ பக்கம் முழுக்கக் கேட்டார். விரல் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது, நின்றது, மறுபடி ஆரம்பித்தது. எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்து, "வயலின்காரர் நல்லா வாசிக்கிறாரு தம்பி. ஆனா இதுல யாரு யாருக்குப் பக்கவாத்தியம்?" என்று கேட்டார்.

"அதுதாங்க ஐயா எனக்கும் தெரியல."

"இன்னொரு தரம் போடு."

இசையைப் பற்றி என் காதில் விழுந்த கேள்விகளில் இதைவிடச் சரியான கேள்வி இன்றுவரை இல்லை. நம் கச்சேரியில் பாடுபவர் முன்னால் போவார், வயலின் அரை மூச்சு பின்னால் அதே வழியில் வரும். இரண்டு நாகஸ்வரம் சேர்ந்தாலும் வாசிப்பது ஒரே வரிதான். எல்லாரும் ஒரே கோட்டில் போவார்கள், கோட்டை ஆளுக்கொரு விதமாக அழகுபடுத்துவார்கள். இப்படி ஓர் அமைப்பு இருக்கிறது என்பதே, அப்படி இல்லாத ஒன்றைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்த தை மாதத்தில், தியாகராஜர் மறைந்த திதியான பகுள பஞ்சமி அன்று, திருவையாற்றுக்குப் போனேன். முன்பும் போயிருக்கிறேன், வயர் சுற்ற. இந்தத் தடவை கேட்கப் போனேன். காவிரிக் கரையில், பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைப் போட்டுக் கட்டிய சமாதிக் கோயில் எதிரே பந்தல். தியாகராஜரின் ஐந்து பெரிய கீர்த்தனைகளான பஞ்சரத்னத்துக்கு முன்னால் புல்லாங்குழல்காரர்கள் சேர்ந்து பைரவி ராகத்தில் 'சேதுலார' வாசிப்பார்கள். பிறகு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ராகத்துக்கு ஒன்றாக ஐந்தும். எத்தனையோ வித்வான்கள், அத்தனை பேருக்கும் ஒரே வரி. ரேடியோவில் கேட்டால் ஏதோ கூட்டமாகப் பாடுகிறார்கள் என்றுதான் இருக்கும். பந்தலுக்குள் உட்கார்ந்தால், ஒரே ஸ்வரத்துக்கு ஒருவர் கொஞ்சம் முன்னால், ஒருவர் பின்னால், ஒருவர் லேசாக அசைத்து என்று வந்து, அந்த ஒற்றை வரியே தேர்வடம் போலத் தடித்து நிற்கும். பாக்கிடம் பல கோடுகள், இங்கே பல இழைகள் சேர்ந்த ஒரே கோடு. எது உசத்தி என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

நான் இசைக்கலைஞன் ஆகவில்லை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்து, சித்தப்பா தொழிலுக்கே வந்தேன். ஆனால் அவர் செய்த தொழில் அல்ல. அவருக்கு எவ்வளவு தூரம் கேட்கிறது என்பது முக்கியம், எனக்கு எத்தனை வாத்தியம் தனித்தனியாகக் கேட்கிறது என்பது. இதில் எங்களுக்குள் வருஷக்கணக்கில் வாக்குவாதம். 1992ல் 'ரோஜா' வந்தபோது அது என் பக்கம் தீர்ந்தது. அந்தப் பாட்டுகளைக் குழாயில் போட்டால் சப்பென்று இருந்தது, கல்யாண வீட்டுப் பையன்களே "பாக்ஸ் இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சித்தப்பா முனகிக்கொண்டே பெட்டி ஸ்பீக்கர் வாங்கினார்.

இப்போது நான் செய்வது பெரும்பாலும் கோயில் கச்சேரிகளும் மேளமும். நாகஸ்வரத்துக்கு மைக் வைப்பதில் பலர் நேராக அணசின், அதாவது கீழே விரிந்திருக்கும் முனையின், வாயில் கொண்டுபோய் வைப்பார்கள். சத்தம் அங்கிருந்து மட்டும் வருவதில்லை, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. கொஞ்சம் தள்ளி, நடுக்குழலைப் பார்த்து வைத்தால்தான் வாத்தியம் முழுசாக விழும். தவிலுக்கு இன்னும் மோசம். வலந்தலை என்கிற வலது பக்கம் ஒரே ஒரு மைக், விரலில் மாட்டும் கூடுகளின் படபடப்பு மட்டும் கேட்கும். இடப்பக்கம் பூவரசங்கம்புக்கு உறுமுகிற முகம், தொப்பி என்பார்கள், காற்றோடு போய்விடும். தவிலின் பேஸ் அதுதான். அன்று வாக்மேனில் பேஸைத் தேடிப் போன காது, தொப்பியை எப்படி விடும்? இரண்டு பக்கமும் மைக் வைப்பேன். அந்தப் பெரியவரின் கடைசிக் காலத்துக் கச்சேரி ஒன்றுக்கு அப்படித்தான் வைத்தேன். பாதியில் என்னைக் கூப்பிட்டு, "என் தொப்பிச் சத்தம் பெட்டியில வர்றத இப்பதான்டா கேக்குறேன்" என்றார். அடுத்த உருப்படியில் தொப்பியைப் போட்டு வாங்கினார், நாகஸ்வரக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். நான் மைக்கைக் கொஞ்சம் குறைக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று. இந்த ஆல்பம் என்னைப் பழையதுக்கும் திருப்பியது. நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கேட்டேன். அவருக்கு முன்னால் பெரும்பாலும் புழங்கியது திமிரி நாயனம், குட்டையானது, மேல் சுருதி. அவர் நீளமான, கீழ் சுருதி பேசும் பாரி நாயனத்தை எடுத்தார். 1956ல் மறைந்தவர், அவர் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், கொஞ்சம் கூட. கோயில் வீதியில் மணிக்கணக்கில் வாசித்தவரை அதற்குள் அடைத்திருக்கிறார்கள். இருந்தும் அந்தக் கீழ் ஸ்தாயியின் கனம் கரகரப்பைத் தாண்டி வருகிறது.

ராஜாவின் 'நத்திங் பட் விண்ட்', 1988ல் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு வந்தது, இதைவிட இனிமை என்பார்கள். இனிமைதான். ஆனால் அதில் குழல் முன்னால், மற்றதெல்லாம் பின்னால். பெரியவர் கேட்ட கேள்விக்கு அங்கே வேலையில்லை. 2005ல் வந்த 'திருவாசகம்' பெரிய முயற்சி, புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துச் செய்தது. எனக்கு மாணிக்கவாசகரை ஓதுவார் குரலில் கேட்பதே பிடித்திருக்கிறது.

இனிமேல்தான் 'ஹவ் டு நேம் இட்?' கேட்கப் போகிறீர்கள் என்றால், போன் ஸ்பீக்கரில் போடாதீர்கள். அதுவும் குழாயின் தம்பிதான், பேஸை விழுங்கிவிடும். சாதாரண இயர்போன் போதும். முதல் தடவை பிடிக்காமல் போகலாம், எனக்கும் கடையில் கேட்டபோது பிடிக்கவில்லை. இரண்டாம் தடவை மேலே ஓடும் வயலினை விட்டுவிட்டு, பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.