கலைநூல் சந்தையில் என்னென்ன நடக்கும்? ஒரு பைண்டரிடம் கேட்டவை

மாசியில் கும்பகோணத்தில் இரண்டு நாள் கலைநூல் சந்தை நடக்கிறது. அச்சு மேசையும் பைண்டிங் பட்டறையும் என் பொறுப்பு. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஸ்டால் ஒதுக்கீடு, சாப்பாடு, பார்க்கிங் எல்லாம் வேறு ஆட்கள் பார்க்கிறார்கள். என்னிடம் கேட்டுப் பயனில்லை.

மயிலாடுதுறை மாணவி: ஓவியம் பற்றிய புத்தகங்கள் விற்கும் இடமா இது? வழக்கமான புத்தகக் கண்காட்சிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஓவியம் பற்றிய புத்தகமும் இருக்கும். ஆனால் வருகிறவர்களில் பாதிக்கு மேல் புத்தகத்தையே படைப்பாகச் செய்தவர்கள். வரைந்தவர், அச்சடித்தவர், மடித்தவர், தைத்தவர் எல்லாம் ஒரே ஆளாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். 1963இல் எட் ருஷே என்ற அமெரிக்க ஓவியர் சாலையோரப் பெட்ரோல் பங்குகளை 26 படங்களாக எடுத்து ஒரு சின்னப் புத்தகம் போட்டார். முதல் பதிப்பு 400 பிரதிதான். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதை வேண்டாமென்று திருப்பிவிட்டது. இந்த மாதிரிப் புத்தகங்களுக்கென்றே 1976இல் நியூயார்க்கில் பிரின்டட் மேட்டர் என்ற அமைப்பு தொடங்கியது. அவர்கள் 2006இல் ஆரம்பித்த சந்தையைப் பார்த்துத்தான் பல ஊர்களில் இது பரவியது. அவ்வளவு தூரம் போவானேன், சென்னை தாரா புக்ஸ் பதிப்பகம் கையால் ஸ்கிரீன் பிரின்ட் அடித்துத் தைத்த புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

சீர்காழி: என் கவிதைத் தொகுப்பை அங்கே வெளியிடலாமா?

வெளியீட்டு விழா கிடையாது. மேசை எடுத்தால் விற்கலாம்.

திருவையாறு: பைண்டிங் பட்டறையில் எனக்கு எதுவும் தெரியாமல் வந்து உட்காரலாமா? என்ன கொண்டுவர வேண்டும்?

தாராளமாக வாருங்கள். கத்தரிக்கோல் கொண்டுவந்தால் போதும். ஸ்டேப்ளர் மட்டும் வேண்டாம். நம் டெல்டா ஈரத்தில் பின் இரண்டு மழைக்காலம் தாங்காது, துரு காகிதத்தைத் தின்றுவிடும்.

கற்றுக்கொடுக்கப் போவது மூன்று துளைத் தையல். நான்கைந்து தாளை நடுவில் மடித்து, மடிப்பில் நடுவே ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று எனத் துளையிடுவோம். ஊசி உள்பக்கமிருந்து நடுத்துளை வழியாக வெளியே போகும். மேல் துளையில் உள்ளே வரும். நடுவைத் தாண்டி நேராகக் கீழ் துளைக்குப் போய் வெளியேறும். திரும்ப நடுத்துளையில் உள்ளே வரும். இப்போது நூலின் இரு முனையும், உள்ளே ஓடுகிற நீள நூலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் நின்றால் முடிச்சு நீள நூலைப் பிடிக்காது, தையல் தொளதொளக்கும். பத்தில் ஏழு பேர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

தைப்பதற்கு முன் காகிதத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். தாளை மடிக்காமல் லேசாக வளைத்து அமுக்கிப் பார்த்தால் ஒரு பக்கம் சுலபமாக இணங்கும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். இணங்குகிற பக்கம்தான் புத்தகத்தின் முதுகு வர வேண்டும். கனத்த அட்டையை நாருக்குக் குறுக்கே மடித்தால் மடிப்பு வெடித்து நூல் நூலாக நிற்கும். இதை நான் எல்லாரிடமும் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை.

நாகை, ஓர் அம்மா: எட்டு வயதுப் பையனுக்கு ஏதாவது உண்டா?

உண்டு அம்மா. ஒரே ஏ4 தாளை எட்டாக மடித்து, நடுக்கோட்டில் பாதி நீளத்துக்கு ஒரே ஒரு வெட்டு. திருப்பி மடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம். பசையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். ஆனால் பசை மேசைப் பக்கம் விடாதீர்கள். மைதா பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவோம், அது விஷம்.

மன்னார்குடி: ரிசோ ரிசோ என்கிறார்களே, அது ஜெராக்ஸ்தானே?

பார்க்க அப்படித்தான் இருக்கும். உள்ளே வேலை வேறு. படத்தை ஒரு மெல்லிய தாளில் நுண்துளைகளாகக் குத்தி, அதை உருளையில் சுற்றி, அந்தத் துளைகள் வழியாக மையைத் தள்ளுகிற ஜப்பானிய எந்திரம். பள்ளிகளில் வினாத்தாள் அடிக்க வைத்திருந்தார்கள். ஒரு வண்ணத்துக்கு ஓர் உருளை. ஒரே உருளை மாட்டுகிற எந்திரத்தில் இரண்டு வண்ணம் வேண்டுமென்றால் தாள் இரண்டு முறை உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை விலகும். அந்த விலகலுக்காகவே இதை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். மை எண்ணெய் கலந்தது, வழவழப்பான ஆர்ட் பேப்பரில் காயாது, வழவழப்பில்லாத மேப்லித்தோ தாள் கொண்டுவாருங்கள். அடித்த தாளைத் தேய்க்காதீர்கள், மறுநாளும் கையில் ஒட்டும்.

திருவாரூர்: எல்லாப் புத்தகக் கண்காட்சியிலும் 10 சதவீதம் தள்ளுபடி. இங்கே உண்டா?

கட்டாயமில்லை. விற்பவர் இஷ்டம். ஒரு கணக்கு சொல்கிறேன். 50 பிரதி போடும் ஒருவர் விலை 250 வைக்கிறார். ஒரு பிரதியைத் தைக்க 25 நிமிடம். மணிக்கு 60 ரூபாய் கூலி வைத்தாலும் தையலுக்கு 25 ரூபாய் ஆகிறது. நீங்கள் கேட்கும் 10 சதவீதமும் அதே 25 ரூபாய்தான். மணிக்கு 60 ரூபாய் என்றால் இந்தப் பக்கம் நடவுக்குக்கூட ஆள் வராது.

தஞ்சாவூர், பதிப்பாளர்: கூலிக் கணக்கு சரி. ஆனால் வாசகருக்குக் கழிவு பழகிப்போயிற்று. 280 போட்டு 252க்குக் கொடுங்களேன், அவருக்கும் சந்தோஷம்.

அதற்குப் பெயர் தள்ளுபடியா? ஆயிரம் பிரதி அடித்து, விற்பனையாளர் கழிவை விலையில் சேர்த்துவிடும் உங்களுக்கு அது சரிப்படும். 50 பிரதிக்காரர் விலையை ஏற்றி இறக்கிக் காட்டினால், அடுத்த மேசைக்காரரும் அதையே செய்ய வேண்டியிருக்கும்.

பட்டுக்கோட்டை: நெல்லுக்கும் தேங்காய்க்கும் நாங்கள் விலை வைக்க முடியவில்லை. உங்களுக்கு வைக்க முடிகிறது. பிறகேன் அழுகிறீர்கள்?

நியாயமான கேள்வி. விலை வைக்க முடிகிற ஒரே இடம் இது என்பதால்தான் அதை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

மயிலாடுதுறை மாணவி மறுபடியும்: என் 40 ரூபாய்ச் சிற்றிதழுக்கு ஒருவர் 4 ரூபாய் குறைக்கச் சொல்லி நின்றார். கொடுத்துவிட்டேன்.

அடுத்த முறை பரிமாற்ற மேசைக்கு அனுப்பு, தங்கச்சி. இரண்டாம் நாள் மதியம் அங்கே காசு செல்லாது. அவர் செய்தது ஒன்றை வைத்துவிட்டு உன்னுடையதை எடுத்துக்கொள்ளட்டும். வெறுங்கையோடு வந்தால் எட்டுப் பக்க மடிப்பு மேசையில் உட்கார்ந்து ஒன்று செய்துவிட்டு வரட்டும்.

தஞ்சாவூர்ப் பதிப்பாளர் இன்னும் நான்கு கேள்வி அனுப்பியிருக்கிறார், எல்லாம் கழிவைப் பற்றி. டீ வாங்கித் தருகிறேன், நேரில் பேசலாம்.

வேதாரண்யம்: கவிதைத் தொகுப்பு...

மேலே பார்க்கவும்.

பாபநாசம்: ஐஎஸ்பிஎன் இல்லாமல் விற்கலாமா?

விற்கலாம். அது புத்தகத்துக்குத் தரும் அடையாள எண். வேண்டுமென்றால் நம் நாட்டில் இலவசம்தான், ராஜா ராம்மோகன் ராய் முகமையில் விண்ணப்பியுங்கள். தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பொறையாறு: தரங்கம்பாடிக்கு ஒரு நடை உண்டு என்றீர்களே, அங்கே என்ன பார்ப்பது?

உங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறோம். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். சில ஆண்டுகளில் அச்சு எந்திரம் வந்தது. ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை, காகிதம் கட்டுப்படியாகவில்லை. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்த்தார்கள். காகிதத்துக்குப் பொறையாற்றில் ஆலையே வைத்துப் பார்த்தார்கள். எழுத்தின் அளவைக் காகித விலை தீர்மானித்த கதையை அந்த மண்ணிலேயே நின்று பேசலாம் என்று யோசனை. கடற்கரையில் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம்.

கும்பகோணம்: சாப்பாடு?

என் வேலை இல்லை என்று முதலிலேயே சொன்னேன்.

கொள்ளிடம்: கவிதை நூலுக்கு ஸ்டேப்ளர் அடித்துக் கொண்டுவரலாமா?

ஊசியும் நூலும் நான் தருகிறேன். காலையிலேயே வாருங்கள்.