கூடங்குளம் வாதங்களில் தர்க்கப் பிழைகள்: கேள்வி பதில்

கே: செர்னோபிலில் நடந்தது கூடங்குளத்திலும் நடக்கும் என்கிறார்கள். சரியான வாதமா?

ப: ஒப்புமை தவறு. 1986-இல் செர்னோபிலில் வெடித்தது கிராஃபைட் வைத்த ஆர்பிஎம்கே உலை. குளிர்விக்கும் தண்ணீர் ஆவியாக ஆக அதில் அணுக்கள் பிளக்கும் தொடர்வினை கூடியது. கூடங்குளத்தில் இருப்பது விவிஇஆர் என்ற ரஷ்யத் தண்ணீர் உலை வகை. தண்ணீர் போனால் தொடர்வினையும் தளர்ந்துவிடும்.

ஆனால் வாதம் பிழை என்பதாலேயே முடிவு பொய் ஆகிவிடாது. 'செர்னோபில் மாதிரி இல்லை, அதனால் விபத்தே வராது' என்பதும் பிழைதான். 2011-இல் புகுஷிமாவில் இருந்தவையும் தண்ணீர் உலைகளே. நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்தவை ஒழுங்காக நின்றன. தொடர்வினை நின்றாலும் எரிபொருளில் மிச்ச வெப்பம் இருக்கும். சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிர்விக்க வழியில்லாமல் மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. மின்சாரம் மொத்தமாகப் போனால் கூடங்குளத்தில் அந்த வெப்பத்தை எது வெளியேற்றும்? பம்பு இல்லாமல் காற்றோட்டத்தாலேயே குளிர்விக்கும் ஏற்பாடு உண்டு என்கிறது நிலையத்தை நடத்தும் அணுமின் கழகம். அது எவ்வளவு நேரம் தாங்கும், எப்படிச் சோதித்தார்கள் என்று பேசுங்கள்.

கே: அப்துல் கலாமே பாதுகாப்பானது என்றாரே?

ப: 2011 நவம்பரில் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார். அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவர் துறை ராக்கெட்டும் ஏவுகணையும். அவர் பெயரை விட்டுவிட்டு, அவர் சொன்ன காரணங்களை வைத்து வாதாடுங்கள்.

கே: வெளிநாட்டுப் பணத்தில் போராடியவர்கள் பேச்சை ஏன் கேட்க வேண்டும்?

ப: 2012 பிப்ரவரியில் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங்கும் போராட்டத்தின் பின்னால் இருப்பதாக அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களைக் கைகாட்டினார். பணம் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். உலையின் சூடான நீர் கடலில் கலந்தால் மீன் என்ன ஆகும் என்ற இடிந்தகரை மீனவரின் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. கடல்நீரின் வெப்பநிலையை அளந்து காட்டித்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

கே (அவரே): நோக்கம் முக்கியமில்லையா?

ப: முக்கியம். ஒருவரின் சாட்சியத்தை நம்பலாமா என்று பார்க்கும்போது, பணம் தருவது யார் என்று கேட்கலாம். அப்படியானால் அணுமின் கழகத்திடமும் கேளுங்கள், உலையை விற்ற ரஷ்யத் தரப்பிடமும் கேளுங்கள்.

கே (மறுபடியும் அவரே): அப்போ நீங்கள் எதிர்ப்பாளர்!

ப: நான் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் மேலே சொன்ன காரணங்கள் மாறிவிடுமா? இதோடு விடுவோம்.

கே: உலையை எதிர்ப்பவர் வீட்டுக்குக் கரண்ட் மட்டும் வேண்டுமா?

ப: வேண்டும். கரண்ட் உலையிலிருந்து மட்டும்தான் வருமா? முப்பந்தலில் காற்றாலைகளைப் பாருங்கள்.

கே: செர்னோபில் மாதிரி வெடிக்குமா?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: உலை வந்தபின் எங்கள் பக்கம் புற்றுநோய் கூடிவிட்டது.

ப: பின்னால் வந்ததாலேயே அதனால் வந்தது என்று ஆகாது. உலைக்கு முந்தைய எண்ணிக்கையும் தொலைவில் உள்ள ஊர்களின் எண்ணிக்கையும் வேண்டும். அது என் துறை இல்லை, நோய்ப்பரவியல் தெரிந்தவரிடம் கேளுங்கள். மறுபடி சொல்கிறேன், வாதம் பிழை என்றால் முடிவு பொய் என்று அர்த்தமில்லை. கணக்கெடுக்கச் சொல்வது முழுக்க நியாயம்.

கே: இதுவரை ஒன்றும் ஆகவில்லையே?

ப: 2019 அக்டோபரில் நிலையத்தின் கணினிகளில் தீநிரல் (மால்வேர்) புகுந்ததாகச் செய்தி வந்தது. நிலையம் மறுத்தது. மறுநாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வலையமைப்பில்தான், உலைக் கட்டுப்பாட்டில் இல்லை என்றது. ஆகவே 'ஒன்றும் ஆகவில்லை' என்பவரிடம், அதை யார், எந்தத் தேதியில் சொன்னார்கள் என்று கேளுங்கள்.