வீட்டில் பி.பி. பார்க்கும்போது கையை மடியில் வைக்கலாமா?

வேண்டாம். மேசைமேல் வையுங்கள், மேல்கையில் சுற்றும் பட்டையின் நடுப்பகுதி நெஞ்சின் நடு மட்டத்துக்கு வரவேண்டும். மேசை தாழ்வாக இருந்தால் கைக்கு அடியில் தலையணை கொடுங்கள்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 133 பேரிடம் சோதித்து 2024இல் வெளியிட்ட முடிவு இது: கை மடியில் இருந்தால் மேல் அளவு சராசரியாக 3.9 கூடுகிறது, தொங்கவிட்டால் 6.5. கை இதயத்துக்குக் கீழே இறங்க இறங்க, அந்த உயரத்து இரத்தத்தின் எடையும் சேர்ந்து அழுத்துகிறது. 134 இருப்பவருக்கு 140 என்று காட்டினால் தேவையில்லாத மாத்திரை வந்து சேரும். அதனால் அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைந்து, வயதானவர்கள் தலைசுற்றி விழவும் கூடும்.

பருத்த கைக்குச் சாதாரணப் பட்டை இன்னும் மோசம். மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டை சராசரியாக 19.5 கூட்டிக் காட்டியதை 2023 ஆய்வு கண்டது. அதனால் மெஷின் வாங்குமுன் மேல்கைச் சுற்றளவை டேப்பால் அளந்து, பட்டையில் அச்சிட்ட சென்டிமீட்டரோடு ஒப்பிடுங்கள்.