இழவு வீட்டில் அரசியலா?

கேள்வி: அமெரிக்காவில் பள்ளிகளில் துப்பாக்கிச்சூடு நடக்கும்போதெல்லாம், பிள்ளைகளை அடக்கம் செய்வதற்கு முன்பே ‘சட்டத்தை மாற்று’ என்ற கூச்சல் கிளம்பிவிடுகிறது. பெற்றோரையே மேடையேற்றிப் பேச வைக்கிறார்கள். இழவு வீட்டில் அரசியல் பேசுவது பண்பாடா? அவர்களை நிம்மதியாக அழவிட்டு, ஆறுதல் மட்டும் சொன்னால் போதாதா?

(ஈரோட்டு வாசகர் ஒருவர்)

பதில்: ‘நிம்மதியாக அழவிட்டு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அழுகையையும் நிம்மதியையும் ஒரே தொடரில் சேர்க்க, தூரத்தில் நின்று பார்க்கிறவர்களால்தான் முடியும். இருக்கட்டும். நீங்கள் அமெரிக்காவைப் பற்றிக் கேட்டிருந்தாலும் நான் முதலில் ஸ்காட்லாந்துக்குப் போகிறேன். உங்கள் கேள்வியை நேருக்கு நேராகச் சந்தித்த ஊர் ஒன்று அங்கே இருக்கிறது.

ஸ்டிர்லிங் நகருக்கு அருகிலுள்ள சிற்றூர் டன்பிளேன். 1996 மார்ச் 13 அன்று காலை, 43 வயது ஆள் ஒருவன் நான்கு கைத்துப்பாக்கிகளோடும் எழுநூற்றுக்கும் மேற்பட்ட தோட்டாக்களோடும் அவ்வூர்த் தொடக்கப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்தான். மூன்று நான்கு நிமிடங்களில் எல்லாம் முடிந்துபோயிற்று. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் 16 பேரையும் அவர்களுடைய ஆசிரியையையும் கொன்றுவிட்டு, அவன் தன்னையும் சுட்டுக்கொண்டான். செய்தி கேட்டுப் பள்ளிக்கு ஓடிவந்த பெற்றோர், தம் பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்பதுகூடத் தெரியாமல் மணிக்கணக்கில் காக்க வைக்கப்பட்டார்கள். அந்தத் தாமதத்தை ஏற்கவே முடியாது என்று பிற்பாடு நீதிபதி கல்லன் பிரபுவின் விசாரணை அறிக்கையே கண்டித்தது. அரசாங்கம் என்கிற இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வி, மேடையோ ஒலிபெருக்கியோ இல்லாத அந்தக் காத்திருப்பு அறைக்குள்ளேயே அவர்கள் துக்கத்தோடு சேர்ந்துவிட்டது. அதை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து திணிக்கவில்லை.

ஆறுதலுக்கும் அங்கே பஞ்சம் இருக்கவில்லை. உலகெங்கிலுமிருந்து கடிதங்களும் பொம்மைகளும் மலைபோல் வந்து குவிந்தன. அந்த வார ஞாயிறு அவர்களுக்கு அன்னையர் ஞாயிறு. அன்று அரசி நேரில் வந்தார், நாடு முழுவதும் ஒரு நிமிடம் மௌனம் காத்தது. எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த அரசியல்வாதிகளான மைக்கேல் ஃபோர்சித்தும் ஜார்ஜ் ராபர்ட்சனும் சேர்ந்தே அந்தப் பள்ளிக்குப் போனார்கள். இவற்றையெல்லாம் விட அந்தக் குடும்பங்களுக்கு உதவியாக இருந்தது, அடக்கங்கள் நடந்த நாட்களில் பத்திரிகைக்காரர்கள் ஊரைவிட்டு விலகிப் போனது என்றுதான் நான் நினைப்பேன். என் தொழிலைச் சேர்ந்தவர்கள் செய்த நல்ல காரியங்களைக் கணக்கெடுத்தால் இதற்கு ஓரிடம் உண்டு.

ஆனால் பொம்மைகளால் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. அவன் வைத்திருந்த துப்பாக்கிகள் திருட்டுத் துப்பாக்கிகள் அல்ல, முறையான உரிமம் பெற்றவை. அந்த உரிமத்தைப் பறிக்க வேண்டும் என்று 1991-லேயே காவல் அதிகாரி ஒருவர் எழுத்தில் பரிந்துரைத்திருந்தார். மேலிடம் அதன்மீது எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை. அதற்கும் முன்பு, 1987-இல் ஹங்கர்ஃபோர்டு என்ற ஊரில் ஒருவன் 16 பேரைச் சுட்டுக் கொன்றபோது, தானே தோட்டா மாற்றிக்கொள்ளும் நீளத் துப்பாக்கிகளைத் தடைசெய்த சட்டம், கைத்துப்பாக்கியைத் தொடாமலே விட்டிருந்தது. இத்தனையும் தெரிந்த ஒரு தாயிடம் போய், ‘இதையெல்லாம் இப்போது பேசாதே அம்மா’ என்று உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது.

‘மேடையேற்றுகிறார்கள்’ என்ற உங்கள் சொல்லுக்கு வருகிறேன். டன்பிளேனில் கையெழுத்து இயக்கத்தைத் தொடங்கியவர்கள் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் அல்லர்; அவர்களுடைய நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும். இயக்கத்துக்கு ‘ஸ்னோடிராப்’ என்று பெயர் வைத்தார்கள். தலை கவிழ்ந்து பூக்கும் சிறிய வெள்ளைப் பூ அது. அந்த மார்ச் குளிரில் அவ்வூரில் பூத்திருந்தது அது ஒன்றுதான். இணையம் கைக்கு வராத காலம். காகிதத்தை நீட்டி, பேனாவைக் கையில் கொடுத்து, ஒவ்வொருவராகக் கேட்டு வாங்கிய கையெழுத்துகள் ஏழு லட்சத்தைத் தாண்டின. பெற்றோரில் பேச முடிந்தவர்கள் பேசினார்கள், முடியாதவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள், இருவரையும் ஊர் ஒன்றுபோலவே தாங்கியது. துக்கம் விசாரிக்கப் போகிற வீட்டில் நாமாகவே அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீர் எடுத்து வைப்போம் அல்லவா? இதுவும் அந்த வகை வேலைதான்.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. அந்த ஆண்டே பிரிட்டன் நாடாளுமன்றக் குழு ஒன்றின் பெரும்பான்மை உறுப்பினர்கள் தடை வேண்டாம் என்றார்கள். கல்லன் அறிக்கையும் முழுத் தடையைக் கேட்கவில்லை. ஒருவன் கிரிக்கெட் மட்டையால் பள்ளியில் பலரை அடித்துக் கொன்றால் மட்டையையா தடைசெய்வீர்கள் என்று அரசியின் கணவரான எடின்பரோ கோமகனே வானொலியில் கேட்டார். (மட்டையோடு வந்தவனை இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து மடக்கியிருக்க மாட்டார்களா என்று அவரிடம் யாராவது திருப்பிக் கேட்டிருக்கலாம்.) இருந்தும் ஜான் மேஜர் அரசு 1997 தொடக்கத்தில் பெரிய ரகக் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தது, அதே ஆண்டு ஆட்சிக்கு வந்த டோனி பிளேர் அரசு மிச்சமிருந்த சிறிய ரகத்தையும் தடைசெய்தது. இழப்பீடு பெற்றுக்கொண்டு மக்கள் ஒப்படைத்த கைத்துப்பாக்கிகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அந்நாட்டின் துப்பாக்கி சுடும் வீரர்கள் பயிற்சிக்காக வெளிநாடு போக வேண்டி வந்தது. அந்தச் சங்கடம் உண்மையானது, மறுக்கவில்லை. தடைக்குப் பிறகும் 2010-இல் கம்ப்ரியாவிலும் 2021-இல் பிளிமத்திலும் வேறு வகைத் துப்பாக்கிகளால் கொலைகள் நடந்தன. டன்பிளேன் போன்ற ஒரு பள்ளிப் படுகொலை மட்டும் பிரிட்டனில் அதன் பிறகு நடக்கவில்லை.

இப்போது நீங்கள் கேட்ட அமெரிக்கா. 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 பிள்ளைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை விரிவாகச் சரிபார்க்கும் மசோதா நான்கு மாதம் கழித்து செனட் சபைக்கு வந்தபோது 54 பேர் ஆதரித்தார்கள், 46 பேர் எதிர்த்தார்கள்; அந்தச் சபையில் அத்தகைய மசோதாவுக்கு 60 வேண்டும் என்பதால் அது விழுந்தது. அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தாலாவது அந்தப் பெற்றோருக்கு நிம்மதி கிடைத்திருக்குமா? படுகொலையே நாடகம், செத்ததாகச் சொல்லப்படும் பிள்ளைகள் நடிகர்கள் என்று அலெக்ஸ் ஜோன்ஸ் என்பவர் ஆண்டுக்கணக்கில் ஒலிபரப்பினார்; அதை நம்பியவர்கள் அந்தக் குடும்பங்களை மிரட்டித் துரத்தினார்கள். கடைசியில் 2022-இல் நீதிமன்றத்தில்தான் அவர்களுக்கு நியாயம் கிடைத்தது. அரசியலைத் தேடி அவர்கள் போனார்களா, அது அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்ததா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

‘இப்போது வேண்டாம்’ என்பதும் ஒரு கட்சியின் வாதம்தான், ஐயா. இப்போதிருக்கும் சட்டம் அப்படியே இருக்கட்டும் என்று விரும்புகிறவர்களுக்கு அதைவிட வசதியான வாதம் வேறு இல்லை. மேடையேற விரும்பாத ஒரு தாயை மைக்கின் முன் தள்ளுகிறவர்களை நீங்கள் கண்டித்திருந்தால் நானும் சேர்ந்து கண்டித்திருப்பேன். நீங்கள் கேட்டதோ, பேச விரும்புகிற தாயும் பேசக் கூடாது என்று.

2018 பிப்ரவரியில் ஃபுளோரிடா மாநிலம் பார்க்லாந்தில் ஒரு பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் அங்கே தெருவில் இறங்கிய மாணவர்களுக்கு டன்பிளேன் குடும்பங்கள் ஒரு கடிதம் அனுப்பின. தம் பிள்ளைகளின் 22-ஆம் ஆண்டு நினைவு நாளை ஒட்டி, ‘எங்கள் நாட்டில் சட்டம் மாறியது, நீங்களும் விடாதீர்கள்’ என்ற பொருளில் அந்தப் பெற்றோர் எழுதிய கடிதம் அது. நீங்கள் சொல்லும் இழவு வீட்டு அரசியல்தான் அதிலும் இருக்கிறது. முகவரியில் மட்டும் இன்னொரு இழவு வீடு.